ஒரு கண் போதாது



வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் செல்வோர் இடைவழியில் காவலூரைக் கடந்தாக வேண்டும். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் அது. வளைவு ஒன்றில் வண்டி திரும்பும்போது மரங்களின் தலைக்குமேல் வெண்ணிறக் கவிமாடங்கள் தென்படும். முதன்முறையாகக் காண்போர் ஏதோ ஆலயம் என்றே எண்ணுவர். அவை தொலைநோக்கிகளின் வீடுகள். 1960களின் இறுதியில் வானியல் அறிஞர் வைணு பாப்பு இந்தக் காட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார். நகரத்து விளக்கொளி எட்டாத இருளும், நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணக்கூடிய வசதியும் அவரை இங்கே இழுத்தன. 1982இல் அவர் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் இராஜீவ் காந்தி தொடங்கிவைத்தபோது, வானாய்வகத்திற்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

2022ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் எங்கள் பங்கின் இளைஞர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். உண்மையைச் சொல்வதென்றால், அழைத்துச் சென்றவர்கள் அவர்கள். வேன் வாடகையில் பாதியைக் கொடுத்துவிட்டு உடன் போனவன் நான். வானியலில் எனக்கு உள்ள அறிவு, மூன்று ஞானிகள் கண்ட விண்மீனோடு முடிந்துவிடும்.

அங்கே பணியாற்றும் ஒருவர், 1972இல் நிறுவப்பெற்ற ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் காட்டி, அதன் வாழ்வில் நிகழ்ந்த ஓர் இரவைப் பற்றிக் கூறினார். 1977 மார்ச் 10ஆம் நாள் இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே கடந்து செல்லவிருந்தது. கோள் மறைக்கும்போது விண்மீனின் ஒளி எவ்வாறு மங்குகிறது, எவ்வளவு நேரம் மறைந்திருக்கிறது என்று அளந்தால், அந்தக் கோளின் பருமனையும் அதைச் சூழ்ந்த வளிமண்டலத்தையும் பற்றி அறியலாமாம். ஆகவே உலகின் பல இடங்களில் அறிஞர்கள் விழித்திருந்தார்கள். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இந்தத் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். அப்போது, எவரும் எதிர்பாராத வேளையில், விண்மீனின் ஒளி சில வினாடிகள் மங்கி மீண்டது.

மெல்லிய முகில் ஒன்று குறுக்கே போயிருக்கும் என்று அதை விட்டுவிட்டிருக்கலாம். கருவியின் கோளாறு என்றும் ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு விடவில்லை. யுரேனசுக்கு இதுவரை அறியப்படாத துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று கருதி, 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் எலியட்டும் அவர் குழுவினரும் தொலைநோக்கி பொருத்திய விமானம் ஒன்றில் இந்துமாக்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கருவியில், கோள் மறைப்பதற்கு முன் விண்மீன் ஐந்து முறை மங்கியது. கோள் விலகிய பின்னர் மீண்டும் ஐந்து முறை மங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் இத்தகைய மங்கல்கள் பதிவாகியிருந்தன. எல்லாப் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருந்தன! வளையலின் ஓர் ஓரத்தை மட்டும் இருட்டில் தொட்டவனுக்கு அது கம்பித்துண்டாகவே தோன்றும். பல விரல்கள் பல இடத்தில் தொட்டால் அல்லவா அது வளையல் என்று தெரியும்? 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அருகே சென்று அந்த வளையங்களைப் படமெடுத்து அனுப்பியது.

எங்கள் பையன் ஒருவன் உடனே கேட்டான்: "அப்படீன்னா காவலூர்க்காரங்க தப்பாச் சொல்லிட்டாங்களா சார்?"

"பார்த்ததிலே தப்பில்ல தம்பி. ஒரே இடத்துல நின்னு பார்த்தா அவ்வளவுதான் தெரியும்" என்றார் அவர்.

அவர் அந்தப் பையனுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் மெல்ல வெளியே வந்து ஒரு மரத்தடியில் அமர்ந்துகொண்டேன். ஆறு மாதமாக என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த ஒன்றை, என்னைப் பற்றி ஏதும் அறியாத ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எங்கள் பங்கிற்கு மலைமேல் ஒரு கிளைக் கிராமம் உண்டு. பெயர் வேண்டாம். நாற்பதுக்குச் சற்று மிகுதியான கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. சாமை விதைப்பார்கள், புளியும் பலாவும் பறிப்பார்கள், அவை போதாத மாதங்களில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வார்கள். ஊரின் நடுவே ஓட்டுக் கூரை வேய்ந்த சிற்றாலயம், அதன் பின்புறம் கல்லறைத் தோட்டம். ஆலயச் சுவர் விரிசல் கண்டு, மழைக்காலத்தில் பீடத்தின்மேலேயே நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியூர் அன்பர் ஒருவர் புது ஆலயம் கட்டப் பொருளுதவி செய்ய முன்வந்தார். ஊருக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே ஒரு காட்டோடை ஓடுகிறது. ஓடைக்கு இப்பால், சாலையோரமாக, நல்ல மனை ஒன்று கிடைத்தது. மணல் லாரி வந்து நிற்கும். ஆயர் அவர்களின் வண்டி வாசல்வரை வரும். நன்கொடை அளித்தவரின் பெயர்ப் பலகை வழிப்போக்கர் கண்ணில் படும். எனக்கும் சேற்றில் இறங்கி ஓடையைக் கடக்கும் தொல்லை இராது. இந்தக் கடைசிக் காரணத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைத்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். குருக்களாகிய நாங்கள் இந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்போம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மலைக்கிராமத்தின் சார்பில் உபதேசியார் ஒருவரே பேரவையில் உறுப்பினர். அவரோடு ஒரு மூதாட்டியும் வந்திருந்தார். பேரனின் ஞானஸ்நானச் சான்றிதழுக்காக வந்தவர், கூட்டம் முடியட்டும் என்று கதவருகே தரையில் அமர்ந்திருந்தார். அவர்தாம் வாய் திறந்தார்.

"ஐப்பசியிலே வந்து ஓடையைப் பாருங்க சாமி."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பஞ்சாயத்தில் சொல்லிச் சின்னதாக ஒரு பாலம் கேட்போம் பாட்டி" என்றேன். 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்து ஒப்பமிட்டேன். ஆலயம் எழும்பியது, பாலம் வரவில்லை.

2021ஆம் ஆண்டின் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பருவத்தில் பாலாறே இருகரையும் தொட்டு ஓடியது. நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, மாலைத் திருப்பலிக்காக மலையேறினேன். புது ஆலயத்தில் விளக்கெல்லாம் எரிந்தது. என்னோடு வந்த ஓட்டுநர், பூசைக்கு உதவும் சிறுவன், சாலையோரத்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் ஆக நான்கு பேர் இருந்தார்கள். ஓடையோ செந்நிறமாகச் சீறிக்கொண்டிருந்தது. அக்கரையில் இருந்து எவரும் இப்பால் வரவில்லை, வர இயலாது. நானும் அப்பால் செல்ல இயலாது. கறுப்பும் ஊதாவும் கலந்த அந்தி வேளையில் ஓடைக்கு அப்பால் ஒரு மெழுகுதிரி ஏற்றப்படுவது தெரிந்தது. பின் பத்து, பின் நாற்பது, ஐம்பது. தங்கள் பெற்றோரின் கல்லறைகளைச் சுற்றி அவர்கள் நின்றார்கள். உபதேசியார் மரித்த விசுவாசிகளுக்கான மன்றாட்டுகளைச் சொல்ல, மக்கள் பதில் சொல்லும் ஓசை நீரின் இரைச்சலுக்கு ஊடே விட்டுவிட்டுக் கேட்டது. திருவுடை அணிந்த குரு இக்கரையில், இறைமக்கள் அக்கரையில். நான் யாருக்காகக் கட்டினேன்?

குருமடத்தில் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்க ஏடுகளை நான் ஆர்வத்தோடு கற்றவன். 1964இல் வெளியான திருச்சபை பற்றிய ஏட்டில், திருஆட்சி அமைப்பைப் பற்றிய அதிகாரத்திற்கு முன்னதாக, இறைமக்களைப் பற்றிய அதிகாரம் வைக்கப்பட்டதன் பொருளைத் தேர்வில் விரிவாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயர் முதல் கடைசிப் பொதுநிலையினர் வரை விசுவாசிகள் அனைவரும் ஒருமித்து விசுவசிப்பதில் தவறிழைக்க மாட்டார்கள் என்று அந்த ஏடு கற்பிப்பதையும் மனனம் செய்திருந்தேன். அந்தக் கடைசிப் பொதுநிலையினர் கதவருகே தரையில் அமர்ந்திருந்தபோதுதான் அடையாளம் தெரியாமற் போயிற்று.

அப்போஸ்தலர் பணி நூலின் 15ஆம் அதிகாரத்தை அதற்குப் பின் பல முறை வாசித்தேன். புறவினத்திலிருந்து மனந்திரும்பியோர் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது அன்று எழுந்த சிக்கல். திருச்சபை யூதருக்கு மட்டுமா, உலகுக்கா என்பதே அதனுள் அடங்கிய கேள்வி. இராயப்பர் அங்கிருந்தார்; ஆண்டவரிடமிருந்து திறவுகோல்களைப் பெற்றவர் அவர். ஆயினும் முதலில் நீண்ட விவாதம் நடக்கிறது. அதன் பின்னரே இராயப்பர் எழுகிறார். எழுந்தவர், கொர்னேலியு வீட்டில் தாம் கண்டதை நினைவூட்டுகிறார். பிறகு கூட்டம் முழுவதும் மெளனமாகிச் சின்னப்பரும் பர்னபாவும் கண்டதைக் கேட்கிறது. அடுத்து யாகப்பர் வேதாகமத்தை எடுத்துப் பேசுகிறார். ஒருவர் கண்டது, இன்னும் இருவர் கண்டது, இறைவாக்கினர் எழுதியது ஆகியவை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றன. காவலூரின் பதிவும் விமானத்தின் பதிவும் பெர்த்தின் பதிவும் அருகருகே வைக்கப்பட்டது போலத்தான். கடைசியில் எழுதப்பட்ட மடலில், இது தூய ஆவியாரின் முடிவு என்பதோடு நிறுத்தாமல், எங்கள் முடிவும் கூட என்று அவர்கள் சேர்த்து எழுதுகிறார்கள். அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்கு எத்தனை துணிவு வேண்டும்! நான் ஒப்பமிட்ட குறிப்பேட்டிலும் 'ஏகமனதாக' என்றுதான் இருந்தது.

யானையைத் தடவிய குருடர்களின் கதையை மறைக்கல்வி வகுப்பில் பலரும் சொல்வோம். அந்தக் கதையில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. காலைத் தடவியவன் வாலைத் தடவியவனிடம், "நீ நிற்கும் இடத்துக்கு நான் வரட்டுமா?" என்று ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை?

கேட்டவர்கள் உண்டு. 1539ஆம் ஆண்டு தவக்காலத்தில் உரோமை நகரில் புனித இஞ்ஞாசியாரும் அவருடைய தோழர்களும் தங்கள் வருங்காலத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார்கள். பல நாட்டினர், பல கருத்தினர். திருத்தந்தை தங்களை வெவ்வேறு திசைகளுக்கு அனுப்பினாலும் ஒரே உடலாக நிலைத்திருப்பதா என்னும் கேள்விக்கு விரைவில் விடை கண்டார்கள். தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிப்பதா என்பதில்தான் தடுமாறினார்கள். பகலில் நோயாளரையும் ஏழைகளையும் கவனித்துவிட்டு இரவில் கூடினார்கள். அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட ஒழுங்குகள் என்னை வியக்க வைக்கின்றன. கூடுவதற்கு முன் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசி ஆள் சேர்க்கக் கூடாது. ஒவ்வொருவரும் தம்மை அக்கூட்டத்தைச் சேராத வேற்றாளாக எண்ணிச் சிந்திக்க வேண்டும். ஒரு நாள் எல்லாரும் கீழ்ப்படிதல் வேண்டாம் என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். மறுநாள் எல்லாரும் வேண்டும் என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். வேண்டும் என்று விரும்பியவனும் வேண்டாமைக்குக் காரணம் தேடியாக வேண்டும் அன்றோ! ஜூன் 24ஆம் நாள், புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, அவர்களின் ஆலோசனை முற்றுப்பெற்றது. இவ்வாறு சேசு சபை பிறக்க வழி ஏற்பட்டது.

அந்தத் தோழர்களுள் ஒருவர் நம் சவேரியார். 1542இல் கோவாவில் வந்திறங்கி, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணலில் நடந்து ஊர் ஊராகச் சென்ற அவரைத் தனித்து நின்று போராடிய வீரராகவே நாம் படங்களில் காண்கிறோம். தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களின் கையொப்பங்களை வெட்டி எடுத்துக் கழுத்தில் அணிந்து திரிந்தவர் அவர். பல்லாயிரம் காதம் கடந்து வந்த பின்னும் அந்த உரோமைக் கூட்டத்தை விட்டு அவர் வெளியேறவில்லை.

இவ்விடத்தில் ஒருவர் என்னைக் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "சாமி, நாலு பேர் கூடிப் பேசினால் அது கடவுளின் திருவுளம் ஆகிவிடுமா?" ஆகாது. ஊர் கூடிச் செய்த கொடுமைகளை நம் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு அறியும். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பெற்ற ஆலயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் இரண்டு கூடங்கள். ஒரு சாதியார் மறு சாதியாரைக் காணாதவாறு நடுவே சுவர். அதைக் கேட்டவர்கள் ஒற்றுமையாகத்தான் கேட்டார்கள். 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்தோர் நீதிமன்றம் வரை சென்றும் வெல்லவில்லை. கூட்டம் பெரிதாக இருந்ததென்ன, குரல் ஒன்றாக இருந்ததென்ன? சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவனின் கண் அங்கே கணக்கில் சேரவில்லை. அதனால் அது தெளிந்து தேர்தல் ஆகவில்லை. யார் இல்லாமல் கூடினோம் என்று கேட்காத கூட்டத்தை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை, அது என் சொந்தப் பங்குப் பேரவையாகவே இருந்தாலும்.

2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் உலக ஆயர் மாமன்றத்தின் புதிய பயணத்தைத் தொடங்கிவைத்ததும், ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் மக்களைக் கேட்டு எழுதுமாறு வினாக்கள் வந்தன. 'கூட்டொருங்கியக்கத் திருஅவை' என்பது தலைப்பு. எங்கள் உபதேசியாரிடம் அந்தச் சொல்லை நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை எனக்கே நா தடுமாறியது. பின்னர் 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் அக்டோபரில் உரோமையில் மாமன்றம் கூடியபோது, கர்தினால்மாரும் ஆயர்களும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 2024 அக்டோபர் 26ஆம் நாள் நிறைவேறிய இறுதி ஏட்டை, தனியாகத் திருத்தூது மடல் எழுதாமல், அப்படியே திருத்தந்தை ஏற்று வெளியிட்டார். இதெல்லாம் பின்னால் நடந்தது. 2022 மே மாதத்தில் அந்த வினாத்தாள் என் மேசை அறையில் மடித்தபடியே கிடந்தது. நாமே நல்ல தமிழில் பத்துப் பக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன்.

காவலூரிலிருந்து திரும்பிய மறுவாரம் மலைக்கிராமத்திற்குப் போனேன். வெயில் காலமாதலால் ஓடையில் கணுக்கால் அளவுதான் நீர். பழைய ஆலயத்தில் மூன்று மாலைகள் கூடுவதென்று முடிவாயிற்று. தோட்ட வேலையிலிருந்து ஆட்கள் ஊர் திரும்பியிருந்த வாரம் அது. தேதியை அன்பியத்துப் பெண்கள் குறித்தார்கள். முதலில் அப்போஸ்தலர் பணி 15ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். பின் மெளனம். பிறகு ஒவ்வொருவரும் ஒரு முறை பேசுவார்கள். எல்லாரும் பேசி முடிக்கும் வரை எவரும் எவருக்கும் மறுமொழி சொல்லக் கூடாது. இரண்டாம் சுற்றில் தம் கருத்தைத் திரும்பச் சொல்லாமல், பிறர் சொன்னவற்றுள் தம் உள்ளத்தைத் தொட்டது எது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பங்குக்குரு கடைசியில் பேசுவார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்தவனுக்கு மூன்று மாலைகள் வாய்மூடி இருப்பது எவ்வளவு பெரிய ஒறுத்தல் என்பதைக் குருக்களாகிய என் சகோதரர்கள் உணர்வார்கள்.

புது ஆலயத்தைப் பற்றி என்னைக் கண்டிப்பார்கள் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். முதல் மாலையில் ஆலயம் என்னும் சொல்லே எழவில்லை. ரேஷன் கடையைப் பற்றிப் பேசினார்கள். பெற்றோர் காப்பித் தோட்டத்திற்குச் செல்லும் மாதங்களில் பாட்டிமாரிடம் விடப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்குச் சலிப்புத் தட்டியது. இரண்டாம் மாலையில், பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, தரையைப் பார்த்தபடியே சொன்னாள். மழை நாட்களில் பள்ளிவிட்டுப் பேருந்தில் வந்து இறங்கும்போது ஓடை பெருகியிருந்தால் அவளும் மற்றப் பிள்ளைகளும் இக்கரையிலேயே மாட்டிக்கொள்வார்களாம். நீர் வடியும் வரை, சில வேளை இரவு வெகுநேரம் வரை, புளியமரத்தடியில் நிற்பார்களாம். "புதுக் கோயில் கதவு பூட்டியிருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

யார் அதை எதிர்பார்த்தார்கள்? ஆலயத்தை இடம் மாற்றக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். பாலத்திற்கு மனுக் கொடுக்கலாம் என்று உபதேசியார் நினைத்தார். இளைஞர்கள் நன்கொடையாளரின் பெயர்ப் பலகைமேல் கோபமாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கம்பித்துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாலையில், ஊரில் எஞ்சி நிற்பவர் முதியோரும் பிள்ளைகளும்தாம், அவர்கள் எந்தக் கரையில் இருந்தாலும் அங்கே ஆண்டவரின் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று பேச்சு தானாகவே ஒரு வடிவத்திற்கு வந்தது. பழைய ஆலயத்தின் கூரையை அவர்களே மாற்றுவது. மழைக்காலத் திருப்பலியும் கல்லறைத் திருநாளும் அங்கேயே நடைபெறுவது. புது ஆலயத்தின் பக்கவறையைப் பிள்ளைகள் படிக்கவும் தங்கவும் திறந்து வைப்பது. அதன் சாவி கடைக்காரர் மனைவியிடம் இருப்பது. ஓடு சுமந்தவர்களுள் கூலி கேட்டவர் எவரும் இல்லை. அறுவடைக்குப் பின் வீட்டுக்கு ஒரு படி சாமை கொடுத்து மரச்சட்டத்தின் கடனைத் தீர்த்தார்கள்.

எல்லாரும் மகிழ்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். நன்கொடை அளித்த அன்பர், தாம் கட்டிய ஆலயத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்குவதைக் கேள்விப்பட்டு மனம் வருந்தினார். நான் நேரில் சென்று விளக்கியும் முழுமையாகத் தேறவில்லை. ஓடைக்கு இப்பால் சாலையோரத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், தங்கள் வாசலில் நடந்த பூசை மழைக்காலத்தில் அப்பால் போய்விட்டதே என்று இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களை அந்த மூன்று மாலைகளுக்கும் அழைக்க நாங்கள் மறந்துபோனோம்.

அந்த ஆண்டு ஐப்பசியில், மூதாட்டியின் அழைப்பை ஏற்று ஓடையைப் பார்க்கப் போனேன். தூறலில் சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் எனக்கு முன்னால் நடந்தார். கரையில் ஒரு பெரிய பாறை நின்றது. அதில் என் மார்பு உயரத்தில் சேறு படிந்து உலர்ந்த கோடு ஒன்று ஓடியது. அதன்மேல் கையை வைத்தார்.

"போன வருசம் இதுவரைக்கும் சாமி" என்றார். பிறகு கையை உயர்த்தி, எட்டாமல், விரலால் பாறையின் உச்சியைக் காட்டினார். "எங்க மாமனார் காலத்துல அதுக்கும் மேலே."